கரும்பு வெட்டுல கிடைச்ச நாலு குட்டி: பொன்னை ஆத்தோரம் ஒரு காட்டுப்பூனை விவகாரம்

இது 2025 மாசி மாசம், சிவராத்திரி முடிஞ்ச மறுநாள் வியாழக்கிழமை ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாலு நாள் நடந்தது. ஊர் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல, போடவும் தேவையில்ல. நான் காலேஜ்ல விலங்கியல் லேப்ல வேலை பாக்குறேன், லீவு நாள்ல கேமரா ட்ராப் (மிருகம் எதிர்ல வந்தா தானா படம் புடிக்கிற கேமரா) வெச்சு பாக்குறது பழக்கம், எங்க கூட இன்னும் மூணு பேரு, அதுல ஒருத்தர் கால்நடை டாக்டர். நாங்க பண்ணதுல சரியானதும் இருக்கு, சுத்தமா சொதப்புனதும் இருக்கு. ரெண்டையும் எழுதி வெச்சா வர்ற வெட்டு சீசன்ல யாருக்காவது உதவும்னுதான் இத எழுதுறேன்.

இடமும் அப்ப இருந்த பயமும்

காட்பாடி தாலுகாவுல திருவலத்துக்கு வடக்கால, பொன்னை ஆத்த ஒட்டி ஒரு ஒன்னேகால் ஏக்கர் கொல்லை. கட்டைக்கரும்பு (போன வெட்டோட தூர்ல இருந்து மறுபடி வளந்தது), அம்முண்டி சர்க்கரை மில்லுக்கு போற சரக்கு. மூணு பக்கம் மத்தவங்க கரும்பு, அதுல ரெண்டு ஏற்கனவே வெட்டியாச்சு. நாலாவது பக்கம் ஒரு கால்வா, அதத் தாண்டி கோரையும் சீமைக்கருவேலமும், அப்புறம் ஆத்து மணல்.

கரும்பு கொல்லைய பத்தி ஒரு விஷயம் சொல்லணும். கடைசி மண் அணைச்சு முடிச்சதுக்கு அப்புறம் அதுக்குள்ள மனுஷன் போறதே அபூர்வம். தண்ணி பாய்ச்சுறவர் கூட மடையிலதான் நிப்பார். அஞ்சாறு மாசத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லாத, நிழல் இருக்குற, ஈரம் இருக்குற, எலியும் பெருச்சாளியும் நிறைஞ்ச இடம், சின்ன மிருகத்துக்கு அது காடுதான். நமக்குதான் அது ரெவின்யூ ரெக்கார்டுல நஞ்சை.

அப்போ வேலூர் சுத்துவட்டாரம் முழுக்க சிறுத்தை பயம். 2024 ஜூன்ல திருப்பத்தூர்ல ஒரு சிறுத்தை டவுனுக்குள்ள வந்து ஸ்கூல் வளாகத்துல புகுந்து, அப்புறம் கார் நிறுத்துற இடத்துல போய் பதுங்கி, ராத்திரி மயக்க ஊசி போட்டு புடிச்சாங்க. அதே வருஷம் டிசம்பர்ல கே.வி.குப்பம் பக்கத்துல ஒரு சின்ன வயசு பொண்ணு சிறுத்தை அடிச்சு செத்துப்போச்சு. அந்த சாவுக்கு அப்புறம் ஜனங்க பயந்தத யாரும் குறை சொல்ல முடியாது. த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரியில வந்தா மோட்டார் போட தனியா போறவங்க, அதுக்கப்புறம் ரெண்டு பேரா தடியோட போனாங்க. நான் சொல்லப்போறது இந்த பயத்துக்கு நடுவுல நடந்தது.

வியாழக்கிழமை காலையில

வெட்டாளுங்க திருவண்ணாமலை பக்கத்துல இருந்து வந்தவங்க, ரெண்டு செட்டு. லாரி சாயந்திரத்துக்குள்ள நிரம்பணும்னு மேஸ்திரி ஒரு செட்ட கிழக்குல இருந்தும் இன்னொரு செட்ட மேற்குல இருந்தும் இறக்கிட்டார். ரெண்டு செட்டும் நடுவுல வந்து சேரும்னு கணக்கு. இந்த ஒரு விஷயம்தான் பின்னாடி நடந்த எல்லாத்துக்கும் ஆரம்பம், ஆனா அன்னிக்கு அது யாருக்கும் தோணல, எனக்கும் தோணல.

ஒன்பதரை மணிக்கு மேற்கு செட்டுல ஒரு அம்மா, சாஞ்சு கிடந்த ஒரு தூர இழுத்தப்ப அடியில சோகைய (காஞ்ச கரும்புத் தோகை) அமுக்கி குழியாக்குன மாதிரி ஒரு இடம், அதுல நாலு குட்டி. அந்தம்மா எங்க கிட்ட பின்னாடி சொன்னது: "பூன குட்டி மாதிரிதான் கீது, ஆனா வூட்டு பூன இல்லன்னு கையி சொல்லிச்சி சார், முடி வேற மாதிரி." அவங்க தோள்ல கிடந்த துண்ட குட்டிங்க மேல போட்டு மூடிட்டு மேஸ்திரிய கூப்ட்டாங்க. அன்னிக்கு நடந்ததுலயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

அதுக்கப்புறம் எல்லாம் வேகமா கெட்டுப்போச்சு. யாரோ வீடியோ எடுத்தாங்க, பின்னாடி ஒரு குரல், "நாலு சிறுத்த குட்டி, தாயி உள்ள கீது"ன்னு. பத்து நிமிஷத்துல அது மூணு ஊரு வாட்ஸ்அப் குரூப்ல. சிவராத்திரிக்கு முழிச்சதால ஸ்கூலுக்கு போகாம இருந்த ஒரு எட்டாவது படிக்கிற பையன் ஒரு குட்டிய சட்டைக்குள்ள போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு போயிட்டான். வெட்டாளுங்க கத்திய கீழ வெச்சுட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க. கொல்லைக்காரருக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் வெட்டுன கரும்பு வெயில்ல காயுதேன்னு வயித்தெரிச்சல், வெட்டின கரும்ப ஒரு நாளுக்குள்ள அரைக்கலன்னா எடையும் போகும் சர்க்கரையும் போகும்.

ஊர் துணைத்தலைவர்தான் வனத்துறைக்கு போன் போட்டவர், வனக்காப்பாளர் எங்கள கூப்ட்டார். நாங்க போய் சேர்றப்ப மணி பதினொன்னேகால். கொல்லை வரப்புல எழுபது எண்பது பேரு. பாதி பேர் கையில தடி, மீதி பேர் கையில போன்.

யாரோட குட்டி

முதல் வேலை இது என்னன்னு உறுதி பண்றது. கூட்டத்துல சிறுத்தைன்னு சத்தமா சொல்றவங்க நடுவுல, ஒரு இருளர் பெரியவர், எலி புடிக்க அந்த பக்கமெல்லாம் சுத்துறவர், ஓரமா உக்காந்துட்டு இருந்தவரு துண்ட தூக்கி ஒரு பார்வை பாத்துட்டு சொன்னார்: "சிறுத்தன்னா வாலு இந்நேரம் இம்மாம் நீளம் இருக்கும்பா. இது காட்டுப்பூன. நைட்டுல மடையில நிக்கும், நான் பாத்துகீறேன்." எங்களுக்கு பத்து நிமிஷம் ஆன வேலை அவருக்கு பத்து செகண்ட்.

நாங்க பாத்த அடையாளம் எல்லாம் அவர் சொன்னதோட ஒத்துப்போச்சு. சிறுத்தை குட்டி பொறக்குறப்பவே அரை கிலோ கிட்ட இருக்கும், உடம்பு பூரா கருப்பு புள்ளி அடர்த்தியா இருக்கும். இதுங்க மணல் கலர், மங்கலா கோடு மாதிரி வரி. காட்டுப்பூனைக்கு குட்டியா இருக்கிறப்ப இந்த வரி இருந்து வளர வளர மறைஞ்சுடும், பெருசு வெறும் மண் கலரா, நீளமான காலோட, காது நுனியில கொஞ்சம் கருப்பு முடியோட, வால் நுனி பக்கம் ரெண்டு மூணு கருப்பு வளையத்தோட இருக்கும். மளிகைக் கடையில இருந்து எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்து துணியோட வெச்சு துணி எடைய கழிச்சோம். 228, 215, 204 கிராம். கண்ணு திறந்திருக்கு ஆனா நீலம் பாஞ்ச மாதிரி கலங்கலா, காது இன்னும் சரியா நிமிரல. கண்ணு திறக்குறது பத்துல இருந்து பதிமூணு நாள்ல, அதனால ரெண்டு வாரம்னு டாக்டர் கணக்கு போட்டார்.

கால்வா ஓரத்துல ஈர மண்ணுல காலடியும் கிடைச்சுது. பத்து ரூபா காயின பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்தோம், காயின் 27 மில்லிமீட்டர், தடம் அதுல ஒன்றரை மடங்கு. வீட்டுப்பூனைக்கு பெருசு, சிறுத்தைக்கு பாதி. இந்த போட்டோவ துணைத்தலைவர் கிட்ட காட்டுனோம், அவர் உடனே தன் குரல்லயே ஒரு வாய்ஸ் மெசேஜ் அதே குரூப்ல போட்டார், "இது காட்டுப்பூனை, எலி திங்கிறது, மனுஷன ஒன்னும் பண்ணாது, யாரும் கொல்லைக்கு வராதீங்க"ன்னு. நாங்க ஆயிரம் போஸ்டர் ஒட்டுனாலும் நடக்காதது அந்த நாப்பது செகண்ட்ல நடந்துச்சு, கூட்டம் பாதியா குறைஞ்சுது. குறைஞ்சுது, அவ்ளோதான், கலையல.

என்ன பண்றதுன்னு பேசுனது

நாலு வழி பேச்சுல வந்துச்சு.

வேலூர் பக்கத்துல இருக்கிற அமிர்தி விலங்கு பார்க்குக்கு கொடுத்துடலாம்னு சிலர். வனக்காப்பாளர் சொன்னார், கொடுக்கலாம், ஆனா ரெண்டு வார குட்டிய கையில வளர்த்தா அது திரும்ப காட்டுக்கு போறது பெரும்பாடு, கூண்டுலயே காலம் தள்ளணும். நாங்களும் அதேதான் நினைச்சோம். தாய் உயிரோட பக்கத்துலயே இருக்கிறப்ப குட்டிய தூக்கிட்டு போறதுக்கு பேரு மீட்பு இல்ல, புள்ளய தூக்குறது.

ரெண்டாவது, பக்கத்து தெருவுல ஒரு வீட்டுப்பூனை குட்டி போட்டிருக்கு, அதுகிட்ட விட்டா பால் கொடுக்கும்னு ஒரு பாட்டி. கேக்க நல்ல யோசனைதான். ஆனா வீட்டுப்பூனை கிட்ட இருந்து பான்லூக்கோபீனியா மாதிரி வைரஸ் தொத்துனா இந்த வயசு குட்டி தாங்காதுன்னு டாக்டர் ஒரே வார்த்தையில முடியாதுன்னுட்டார். பாட்டிக்கு கோவம்.

மூணாவது, கூண்டு வெச்சு தாயையும் புடிச்சு ஜவ்வாது மலையில கொண்டு விட்டுடுங்கன்னு. இத சொன்னவங்கதான் அதிகம், சிறுத்தையா இருந்தாலும் பூனையா இருந்தாலும் அவங்களுக்கு பதில் அதே, "புடிச்சிட்டு போங்க." இங்கதான் மகாராஷ்டிரா கதைய சொல்ல வேண்டி வந்துச்சு. புனே மாவட்டம் ஜுன்னர் பக்கம் 2001ல இருந்து சிறுத்தைங்கள புடிச்சு புடிச்சு வேற காட்டுல விட்டாங்க. வன உயிரின ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயாவும் கூட இருந்தவங்களும் அத கணக்கெடுத்து 2011ல வெளியிட்டாங்க: அதுக்கு முன்னாடி சிறுத்தை மனுஷன தாக்குனது வருஷத்துக்கு சராசரி 4, இடமாத்த ஆரம்பிச்சப்புறம் 17. தெரியாத இடத்துல விட்டா மிருகம் அலையும், தன் பழைய இடத்துக்கு திரும்ப நடக்கும், வழியில மனுஷன் எதிர்ல வருவான். அதே ஆளுங்க மகாராஷ்டிராவுலயே இருக்கிற அகோலே கரும்பு காட்டுல கேமரா வெச்சு பாத்து 2013ல வெளியிட்டதுல, 100 சதுர கிலோமீட்டருக்கு அஞ்சு கிட்ட சிறுத்தை, மான் கிடையாது, ரிசர்வ் காடு கிடையாது, நாய் பூனைய தின்னுட்டு ஊர் நடுவுல இருக்கு. நம்ம காட்டுப்பூனை மனுஷன் மேல பாயாது, அது வேற. ஆனா தெரிஞ்ச இடத்த விட்டு பேத்தா செத்துப்போகும்ங்கிறது இதுக்கும் பொருந்தும், இன்னொரு காட்டுப்பூனையோட எல்லையில போய் விழும், எங்க எலி இருக்கு எங்க நாய் இருக்குன்னு ஒன்னும் தெரியாது.

கொல்லைக்காரர் இத எல்லாம் கேட்டுட்டு, "அங்க நடந்தது அங்க சார், எனக்கு இப்ப என்னா வழி?"ன்னார். நியாயம்தான்.

நாலாவது வழி, குட்டிய அதே இடத்துல வெச்சுட்டு நாம விலகுறது. இதுவும் ஜுன்னர்ல கத்துக்கிட்டதுதான். அங்க கரும்பு வெட்டுல சிறுத்தை குட்டி கிடைக்கிறது வருஷா வருஷம் நடக்குறது, வனத்துறையும் மாணிக்டோ சிறுத்தை மையத்துல இருக்கிறவங்களும் குட்டிய செக் பண்ணிட்டு அந்தி சாயுறப்ப ஒரு பெட்டியில அதே கொல்லையில வெச்சுட்டு தூரத்துல இருந்து கேமராவுல பாப்பாங்க, தாய் வந்து தூக்கிட்டு போயிடும். மனுஷ வாசனை பட்டா தாய் சேத்துக்காதுன்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றது பூனை விஷயத்துல சரியில்ல.

சட்டப்படி பாத்தாலும் 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல வர்ற மிருகம் இது, எந்த முடிவும் வனத்துறை ஒப்புதலோடதான் எடுக்க முடியும். வனக்காப்பாளர் மேல பேசி சரின்னார். இனி கொல்லைக்காரர்தான்.

பேரம் அரை மணி நேரம். கால்வா ஓரமா நாலு சென்ட் கரும்ப மட்டும் வெட்டாம விடணும், மீதி எல்லாத்தையும் வெட்டிக்கலாம், மூணு ராத்திரி சோகை கொளுத்தக்கூடாது. அவர் கணக்கு: வெட்டாளுங்க அடுத்து பக்கத்து கொல்லைக்குதான் போறாங்க, திரும்ப வந்து அந்த நாலு சென்ட் வெட்ட நாலு பேர் அரை நாள் கூலி, அத யார் கொடுப்பா? நாங்க கொடுக்கிறோம்னோம். "ஞாயித்துக்கெழம காலையில வெட்டிடுவேன், அப்புறம் என்ன கேக்கக்கூடாது"ன்னார். சரின்னு கை கொடுத்தோம். இந்த மாதிரி விவகாரத்துல அறிவியல் பேசுறது கால் பங்கு, கூலி பேசுறது முக்கால் பங்கு.

முதல் ராத்திரி, எங்க தப்பு

மூணு குட்டிய (நாலாவத பத்தி கீழ தனியா சொல்றேன்) ஒரு பிளாஸ்டிக் தக்காளி க்ரேட்ல வெச்சோம். க்ரேட் டாக்டர் வண்டியில இருந்தது, சுத்தமா இருக்கணும்னு எங்க ஆள் ஒருத்தர் அத ஃபினாயில் போட்டு கழுவி காய வெச்சுட்டார். யாரும் யோசிக்கல. ஃபினாயில் பூனைக்கு விஷமும் கூட, இது டாக்டருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனா அந்த அவசரத்துல மூக்குக்கு எட்டுன வாசனை மூளைக்கு எட்டல.

க்ரேட்ட விட்டு வெச்ச நாலு சென்ட் விளிம்புல வெச்சு, நாலு அடி தள்ளி ஒரு குச்சியில கேமராவ முழங்கால் உயரத்துக்கு கட்டிட்டு, ஆறரை மணிக்கு கிளம்பி ரோட்டுக்கு வந்தோம். அமாவாசை இருட்டு. ரோட்டுல ஒரு இருவது பேர் இன்னும் நின்னுட்டு இருந்தாங்க, தாய் வர்றத பாக்கணுமாம். டார்ச் அடிக்காதீங்கன்னு சொன்னோம், அடிக்கல. பைக் ஹெட்லைட்ட போட்டாங்க.

காலையில கார்டு எடுத்து பாத்தா 9.52க்கு தாய். எலும்பும் தோலுமா இல்லாம நல்லா இருந்துச்சு, காது ரெண்டும் முன்னால மடிஞ்சு க்ரேட்டயே பாத்துட்டு நிக்குது, மூணு ஃப்ரேம், நாலாவது ஃப்ரேம்ல ஓரத்துல வெளிச்சம், அஞ்சாவதுல காணோம். திரும்ப 11.34க்கு, இந்த தடவ வெளிச்சம் இல்ல, க்ரேட்டுக்கு ஒரு முழம் தள்ளி வந்து மூக்க நீட்டி, தலைய பின்னுக்கு இழுத்து, வாய லேசா திறந்து ஒரு மாதிரி முகத்த சுளிக்குது. அந்த படத்த நான் இன்னும் வெச்சிருக்கேன். அப்புறம் 4.10க்கு ஒரு தடவ, பதினஞ்சு நிமிஷம் சுத்தி சுத்தி வந்துட்டு விடியறதுக்கு முன்னாடி போயிடுச்சு.

குட்டிங்க ஜில்லுன்னு இருந்துச்சு, ஒன்னு கத்தக்கூட இல்ல. பன்னண்டு மணி நேரத்துக்கு மேல பட்டினி. தாய் மூணு தடவ வந்து மூணு தடவையும் நாங்கதான் விரட்டிருக்கோம்.

வெள்ளிக்கிழமை

டாக்டர் வீட்டுல குட்டிங்கள முதல்ல சூடு படுத்துனார். வெந்நீர் பாட்டில துண்டுல சுத்தி பக்கத்துல வெச்சு ஒரு மணி நேரம். ஜில்லுன்னு இருக்கிற குட்டிக்கு பால் கொடுத்தா செரிக்காது, உடம்பு சூடு வந்தப்புறம்தான் கொடுக்கணும், இது நிறைய பேருக்கு தெரியாது. அப்புறம் பூனைக்குட்டிக்குன்னு விக்கிற பால் பவுடர் கரைச்சு, குப்புற படுக்க வெச்சு, சின்ன நிப்பிள்ல ரெண்டு தடவ. மல்லாக்க போட்டு புகட்டுனா பால் நுரையீரலுக்கு போயிடும். முடிஞ்சதும் ஈரப் பஞ்சால பின்னாடி தடவி மூத்திரம் போக வெச்சார், அது தாய் நாக்கால நக்கி பண்ற வேலை.

நாங்க கொல்லையில மாத்துனது: க்ரேட் வேண்டாம், துணைத்தலைவர் வீட்டு மூங்கில் கூடை. அதுக்குள்ள முந்தின நாள் குட்டிங்க கிடந்த அதே குழியில இருந்து அள்ளுன சோகை, அதுல தாயோட வாசனை இருக்கும். கேமராவ இன்னும் தள்ளி, தாழ்வா. ஊர்ல துணைத்தலைவரும் மேஸ்திரியும் பொறுப்பு எடுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் ரோட்டுல ஆள விடல. நாய் வராம இருக்க பக்கத்து கொல்லைக்காரர் தன் ரெண்டு நாயையும் கட்டிப்போட்டார், கேக்காமலே. கொல்லைக்காரர் அன்னிக்கு ராத்திரி மோட்டார் போடல.

நாங்களும் போகல, வனக்காப்பாளரும் போகல. வீட்டுல உக்காந்துட்டு இருந்தோம், எனக்கு அதுதான் இருக்கிறதுலயே கஷ்டமான வேலையா இருந்துச்சு.

7.48. முதல் குட்டி கழுத்த கவ்வி தூக்குது. 8.21க்கு ரெண்டாவது. முப்பத்தி மூணு நிமிஷ இடைவெளி, அப்போ நல்ல தூரம் கொண்டு போயிருக்கு, ரெண்டு தடவையும் படத்துல இருந்து வெளிய போன பக்கம் கால்வா பக்கம், அதாவது கோரை. மூணாவது குட்டி தனியா. அஞ்சு மணி நேரம். ஒரு தடவ கேமராவுல பெருச்சாளி ஒன்னு கூடைக்கு ரொம்ப பக்கத்துல வந்துட்டு போச்சு, அத மறுநாள் பாத்தப்பவே எனக்கு வயிறு கலங்குச்சு. 1.26க்கு தாய் வந்துடுச்சு, மூணாவதையும் எடுத்துட்டு போயிடுச்சு. காலையில கூடையில சோகை மட்டும்.

நாலாவது குட்டி

பையன் எடுத்துட்டு போனத வியாழக்கிழமை மதியம் நாலு மணிக்குதான் கண்டுபிடிச்சோம், அதுவும் அவன் அக்கா சொல்லி. அவன் கெட்ட எண்ணத்துல எடுக்கல, அட்டைப் பெட்டியில பழைய புடவை போட்டு, இங்க் ஃபில்லர்ல பசும்பால மல்லாக்க வெச்சு ஊத்தியிருக்கான், அஞ்சு தடவ. வயித்தால போயிட்டு இருந்துச்சு, மூக்குல பால் நுரை. தெர்மாமீட்டர் 93 டிகிரி ஃபாரன்ஹீட், அந்த வயசுக்கு 97க்கு மேல இருக்கணும். டாக்டர் நெஞ்சுல வெச்சு கேட்டுட்டு நுரையீரல்ல பால் போயிருக்குன்னார்.

அத மத்த மூணோட சேத்து வைக்கலாமா வேண்டாமான்னு எங்களுக்குள்ள வாக்குவாதம். நான் வைக்கலாம்னேன், டாக்டர் இந்த நிலைமையில ராத்திரி குளிர்ல ரெண்டு மணி நேரம் தாங்காதுன்னார். அவர் பேச்சுதான் நின்னுச்சு. சூடு, குளுக்கோஸ், ஊசி எல்லாம் கொடுத்து பாத்தார், வெள்ளிக்கிழமை கொஞ்சம் தேறுன மாதிரி இருந்துச்சு, சனிக்கிழமை மதியம் செத்துப்போச்சு. வனத்துறை கிட்ட ஒப்படைச்சு, அவங்க முறைப்படி எழுதி முடிச்சாங்க.

இதுல இன்னிக்கு வரைக்கும் நானும் டாக்டரும் ஒத்துப்போகல. அவர் சொல்றது, எங்க வெச்சிருந்தாலும் செத்திருக்கும். நான் சொல்றது, முதல் ராத்திரி எப்படியும் தாய் எடுக்கல, அதனால என் யோசனை அன்னிக்கு தப்புதான், ஆனா வெள்ளிக்கிழமை தேறுனப்ப வெச்சிருக்கலாம். பதில் கிடையாது.

பையன் மேல கேஸ் போடணும்னு கூட்டத்துல ஒருத்தர் குதிச்சார். வனக்காப்பாளர் பையனயும் அப்பாவயும் உக்கார வெச்சு பேசி அனுப்பிட்டார். குட்டி செத்தத அவன் கிட்ட நான்தான் போய் சொன்னேன், "பால் குடுத்தது தப்பா சார்?"ன்னு ஒரே கேள்வி கேட்டான். ஆமான்னு சொல்லிட்டு, யாரும் உனக்கு சொல்லித்தரல அது எங்க தப்புன்னும் சொன்னேன்.

அதுக்கப்புறம்

ஞாயித்துக்கிழமை காலையில சொன்ன மாதிரி நாலு சென்ட்டையும் வெட்டுனாங்க, நாங்க கூலி கொடுத்தோம். சோகைய கொளுத்தாம பாருல பரப்பி விட்டுடுங்கன்னு கேட்டுப் பாத்தோம், மண்ணுக்கும் ஈரம் காக்கும்னு. பாதி பரப்புனார், பாதி கொளுத்துனார்.

வனத்துறை அனுமதியோட கோரை ஓரத்துல ஒரு கேமராவ ஒரு மாசம் விட்டு வெச்சோம். பத்தொம்பது தடவ காட்டுப்பூனை, பெரும்பாலும் தனியா, மூணு படத்துல வாயில எலி. ராஜஸ்தான்ல சரிஸ்காவுல பண்ண ஆராய்ச்சியில ஒரு காட்டுப்பூனை ஒரு நாளைக்கு மூணுல இருந்து அஞ்சு எலி வரைக்கும் புடிக்கும்னு கணக்கிட்டிருக்காங்க, இத கொல்லைக்காரர் கிட்ட சொன்னதுக்குதான் அவர் முதல் தடவையா சிரிச்சார், "அப்ப சம்பளம் குடுக்கணும் போல." இருவத்தி ஆறாவது நாள் ஒரு படத்துல தாய்க்கு பின்னாடி ஒரு குட்டி தெளிவா தெரியுது, அதுக்கு பின்னாடி புல்லுல இன்னொரு அசைவு, அது குட்டியா காத்தான்னு என்னால சொல்ல முடியல.

இன்னொன்னு. 2025ல தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையமும் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் சேந்து சின்ன பூனைங்கள பத்தி ஒரு அறிக்கை விட்டாங்க, அதுல காட்டுப்பூனைதான் அதிக பரப்புல இருக்கு, சுமார் 96,000 சதுர கிலோமீட்டர். நல்ல வேலைதான். ஆனா அது புலிக் காடுகள்ல வெச்ச கேமராவுல இருந்து வந்த கணக்கு. பொன்னை ஆத்தங்கரையில மடையில நிக்கிற பூனை எந்த புலிக் காட்டு கேமராவுலயும் விழாது. அத பாத்தவர் அந்த இருளர் பெரியவரும் ராத்திரி தண்ணி பாய்ச்சுறவங்களும்தான், அவங்க கிட்ட போய் உக்காந்து கேட்டாதான் அந்த கணக்கு வரும்.

மாத்துனது

முக்கியமானது வெட்டு போற திசை. ரெண்டு பக்கத்துல இருந்தும் வெட்டிட்டு வந்தா உள்ள இருக்கிற மிருகம் நடுவுல திட்டுல மாட்டிக்கும், வெளிய ஓட வழி இல்ல, தாய் குட்டிய மாத்தவும் நேரம் இல்ல. ரோட்டு பக்கத்துல ஆரம்பிச்சு ஆத்து பக்கமா ஒரே திசையில போனா அதுவே நகந்து போயிடும். மேஸ்திரி கிட்ட இத சொன்னப்ப, லாரி ரோட்டு பக்கம்தானே நிக்கும், எங்களுக்கும் அதுதான் தோதுன்னார். ரெண்டு செட்டா இறக்குறது அவசரத்துல பண்றதுதான், எப்பவும் இல்லையாம்.

எங்க பக்கம்: வண்டியில இப்ப ஒரு மூங்கில் கூடை இருக்கு, ஃபினாயில் கிடையாது. முதல் ராத்திரியே ஆள் ஒருத்தர் கூட ரோட்டுல நிக்காம பாத்துக்கணும், அதுக்கு வனத்துறைய விட ஊர்ல செல்வாக்கு இருக்கிற ரெண்டு பேரு போதும். போன உடனே குட்டிய எண்ணுறதுக்கு முன்னாடி, எத்தனை இருந்துச்சுன்னு முதல்ல பாத்தவங்கள கேக்கணும். அன்னிக்கு நாங்க மூணுன்னே நினைச்சு நாலேமுக்கால் மணி நேரத்த விட்டுட்டோம், அந்த அம்மா நாலுன்னு காலையில இருந்து சொல்லிட்டே இருந்திருக்காங்க, வெட்டாள் சொன்னத யாரும் காதுல வாங்கல.

இந்த வருஷம் தை மாசம் அதே மேஸ்திரி காலையில ஏழு மணிக்கு போன். "சார், குட்டி கீது, அஞ்சு. யாரும் தொடல, அந்த பக்கம் வெட்டறத நிறுத்திட்டோம், ஜனம் யாருக்கும் சொல்லல." அடிச்சு புடிச்சு போனோம். துண்ட தூக்கி பாத்தா பெருச்சாளி குட்டி. மேஸ்திரிக்கு ஒரே வெக்கம். பரவால்ல அண்ணா, இதே மாதிரி அடுத்த தடவையும் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டு வந்தோம்.